சுமையை எடை போட்ட பிறகுதான் வண்டி: கன்னடியன் கால்வாய்க்கரையில் ஒரு மொபெட் வாங்கிய கணக்கு

வீடும் தேவையும்

நெல்லை மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில், கன்னடியன் கால்வாயை ஒட்டி ஓர் ஊர். இரண்டு கறவை மாடு, கொஞ்சம் நெல் வயல், அரை ஏக்கரில் கத்தரியும் வெண்டையும். கணவருக்கு 52 வயது, 68 கிலோ. மனைவிக்கு 46 வயது, 56 கிலோ, பீடி சுற்றுகிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு, 17 வயது. இது ஒரு மாதிரி வீடு. இந்த வட்டாரத்து வீடுகளில் வழக்கமாக உள்ள வேலை, தூரம், எடை ஆகியவற்றை ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம். தன் வீட்டுக்குப் பார்ப்பவர் இந்த எண்களை எடுத்துவிட்டுத் தன் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு 110 சிசி ஸ்கூட்டர் இருக்கிறது. பழையதாக வாங்கி இரண்டு வருடம் ஓட்டியாயிற்று. அதற்குள் டிரைவ் பெல்ட் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, பின்சக்கர பேரிங் ஒரு முறை போனது. இப்போது மேடு வந்தால் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. குறை வண்டியில் இல்லை, அதற்குக் கொடுத்த வேலையில் இருக்கிறது. ஸ்கூட்டரின் இன்ஜின் பின்சக்கரத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே ஆளும் சுமையும் ஏறும் முன்பே பின்பக்கம் கனம். அதன் மேல் சீட்டுக்குப் பின்னால் காய்கறிச் சாக்கைக் கட்டினால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். கால்வாய்க்கரைப் புழுதி பெல்ட் பெட்டிக்குள் இறங்கி உருளைகளைத் தேய்க்கும். மெதுவாக, சுமையோடு, நின்று நின்று ஓடும்போது பெல்ட் நழுவிச் சூடேறிக் கருகும். 10 அங்குலப் பின்சக்கரம் சின்னப் பள்ளத்தில்கூட முழுசாக இறங்கி எழும். அந்த அடி எல்லாம் பேரிங்குக்குத்தான்.

இதைக் கொடுத்துவிட்டு அடுத்து என்ன வண்டி என்று யோசிக்கும்போது வழக்கமாக முதலில் வரும் கேள்வி விலை. அதைத் தள்ளிவைத்துவிட்டு, அரிசி மண்டித் தராசில் ஒரு வாரச் சுமையை எடை போட்டுப் பார்ப்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

ஒரு வாரத்து எடையும் தூரமும்

காலையும் மாலையும் பால் சொசைட்டிக்கு: ஒரு வழி ஒன்றரை கி.மீ., நாளுக்கு 6 கி.மீ. இரண்டு பத்து லிட்டர் கேன். பத்து லிட்டர் பால் ஏறத்தாழ 10.3 கிலோ, கேன் 3 கிலோ. கணவரோடு சேர்த்து 95 கிலோ.

வாரம் இரண்டு நாள் பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தைக்கு: போக வர 50 கி.மீ. காய் 50 கிலோ, கூடையும் சாக்கும் தராசும் 6 கிலோ. கணவரோடு 124 கிலோ. வெள்ளனே நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது, கிடைத்தாலும் கூடையை ஏற்ற விடமாட்டார்கள்.

மனைவிக்குப் பீடிக்கடை, ரேஷன், ஆஸ்பத்திரி என வாரம் ஆறு நாள், நாளுக்கு 8 கி.மீ. எடை ஒரு பொருட்டே இல்லை. பிறகு தினமும் வயலில் இருந்து புல்லுக்கட்டு, 4 கி.மீ. கனம் 30 கிலோதான். ஆனால் அகலம் மூன்றடிக்கு மேல்.

கூட்டினால் வாரம் 218 கி.மீ., மாதம் சுமார் 950 கி.மீ. இதில் உழவர் சந்தைப் பயணம் மட்டுமே கிட்டத்தட்ட பாதி.

இனி முக்கியமான எண். டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சுமை அளவு 130 கிலோ. ஓட்டுகிறவரின் எடையும் அதற்குள் அடக்கம். பலர் இதைக் கவனிப்பதில்லை, "130 கிலோ மூட்டை ஏத்தலாம்" என்றே நினைக்கிறார்கள். மேலே உள்ள நான்கு வேலைகளும் இந்த வரம்புக்குள் நிற்கின்றன, சந்தைச் சுமை ஆறு கிலோ இடைவெளியில். வரம்பை மீறுவது எது என்று தேடினால் ஐந்தாவதாக ஒன்று அகப்படும். கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்தாலே 124 கிலோ. திரும்பி வரும் வழியில் ரேஷனில் 25 கிலோ அரிசி வாங்கி நடுவில் வைத்தால் 149. யாருக்கும் அது சுமையாகவே தோன்றாது, "ஒரு எட்டு போயிட்டு வந்தோம்" என்ற கணக்குத்தான். பின்சக்கரக் கம்பி (ஸ்போக்) அறுவதும் ரிம் கோணுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட நாளில்தான். அரிசிக்கு மட்டும் கணவர் தனியாகப் போய் வந்தால் 93 கிலோவில் வேலை முடிந்துவிடும்.

என்னென்ன வண்டி பார்க்கலாம்

மொபெட் என்ற பெயருக்கு மோட்டாரும் பெடலும் சேர்ந்தது என்று பொருள். 1972-இல் வந்த லூனாவிலும் 1980-இல் வந்த டிவிஎஸ் 50-யிலும் பெடல் இருந்தது. இன்று பெடல் போய்விட்டது, பெயர் நிற்கிறது. நெல்லைப் பக்கம் எந்த மொபெட்டானாலும் "எக்ஸல்" அல்லது "டிவிஎஸ் ஃபிப்டி"தான்.

பெட்ரோல் மொபெட்டில் இன்று புதிதாக வாங்க நடைமுறையில் எக்ஸ்எல் 100 ஒன்றுதான். 99.7 சிசி, நான்கு ஸ்ட்ரோக், சுமார் 4.4 குதிரைத் திறன். வண்டி எடை 90 கிலோவுக்குள். டேங்க் 4 லிட்டர். இரண்டு பக்கமும் 16 அங்குலச் சக்கரம், 2.50 அளவு டயர், டிரம் பிரேக். கியர் ஒன்றே ஒன்று. இன்ஜின் வேகம் ஏறும்போது கிளட்ச் கட்டைகள் வெளியே விரிந்து, சுற்றியுள்ள கிண்ணத்தைப் பிடிக்கும். அங்கிருந்து சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்கு. பெல்ட் இல்லை, உருளை இல்லை, புழுதி புகுந்து கெடுக்கப் பெட்டி இல்லை. இன்ஜின் நடுவில் தாழ்வாக இருப்பதால், பின்னால் கட்டும் சுமைக்கு முன்பக்கம் அவ்வளவு எளிதாகத் தூக்காது. கால் வைக்கும் இடம் திறந்து கிடப்பதால் 15 கிலோ கூடையைக் காலிடுக்கிலேயே வைக்கலாம். ஹெவி டியூட்டி மாடலில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு முழு நீளத்துக்கும் சுமை வைக்க வழி உண்டு.

இதன் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே கியர் என்பதால் கால்வாயில் இருந்து சாலைக்கு ஏறும் சரிவில் சுமையோடு நின்று கிளப்பினால் கிளட்ச் கட்டை நழுவிச் சூடாகும். கருகிய வாடை வந்தால் ஆக்சிலேட்டரை மேலும் முறுக்கக்கூடாது. இறங்கி, கூடவே நடந்து, இன்ஜின் உதவியோடு தள்ளி ஏற்ற வேண்டும். சரிவில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரைக் கொண்டே வண்டியைத் தாங்கி நிறுத்துகிற பழக்கம் கிளட்சைச் சீக்கிரம் தின்றுவிடும். அடுத்தது வேகம். 40, 45-இல் நிம்மதியாக ஓடும் வண்டி இது. வள்ளியூர், பணகுடி பக்கம் இருப்பவர்கள் நான்குவழிச் சாலையில் இதை ஓட்டுவதை யோசித்தே செய்ய வேண்டும். பின்னால் வரும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் இது நின்றுகொண்டிருக்கும் வண்டி மாதிரிதான். அதோடு ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று குறுக்கே அடிக்கும்போது, 90 கிலோவுக்கும் குறைந்த வண்டியில் அகலமான புல்லுக்கட்டோ வாழை இலைக்கட்டோ இருந்தால் அது பாய்மரம். அங்கே சர்வீஸ் ரோடுதான் சரி. இந்த வீடு சந்தைக்குப் போகும் அம்பை ரோட்டில் இந்தச் சிக்கல் குறைவு.

மின்சார மொபெட்டை இந்த வீடு எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2024-இல் வந்த கைனடிக் இ-லூனாவுக்கும் 16 அங்குலச் சக்கரம்தான். 2 யூனிட் பேட்டரி, 150 கிலோ சுமை, மணிக்கு 50 கி.மீ. வேகம், ஒரு சார்ஜுக்கு 110 கி.மீ. என்பது கம்பெனிக் கணக்கு. சுமையோடு 70 கி.மீ. என்று நாம் குறைத்தே வைத்துக்கொள்வோம். மாதம் 950 கி.மீ.க்குச் சுமார் 14 சார்ஜ், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 31 யூனிட் அளவு. இரண்டு மாத பில்லில் 62 யூனிட் கூடும். வீட்டு உபயோகம் இலவச 100 யூனிட்டைத் தாண்டும் நிலையில் யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 155 ரூபாய். எக்ஸ்எல் சுமையோடு லிட்டருக்கு 50 கி.மீ. கொடுத்தால் மாதம் 19 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்றால் 1,938. பழைய ஸ்கூட்டருக்கு 40 கி.மீ. வைத்தால் 2,420-க்கு மேல். வருடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் மிச்சம் காட்டும் மின்சார வண்டியை இந்த வீடு ஏன் எடுக்கவில்லை?

காரணம் அந்த 50 கி.மீ. சந்தைப் பயணம். புது பேட்டரியில் போய் வந்துவிடலாம். மூன்று வருடம் கழித்துப் பேட்டரி இளைத்தால் திரும்பும் வழியில் பத்தமடையில் வண்டி நின்றுவிடும். சந்தையில் இருந்து வந்த அன்று மாலைப் பாலுக்குள் மறுபடி சார்ஜ் ஏற வேண்டும். இரவில் ஆஸ்பத்திரிக்கு என்று எழுந்தால் வீட்டில் இருப்பது இந்த ஒரு வண்டிதான். சர்வீஸ் கடை எவ்வளவு தூரத்தில் என்பதும் உண்டு. சந்தைக்குப் போகாத வீடாக இருந்தால், அல்லது இரண்டாவதாக ஒரு வண்டி இருந்தால், எங்கள் பரிந்துரை மின்சார மொபெட்தான். பாலுக்கும் பீடிக்கடைக்கும் புல்லுக்கும் அதைவிடச் சிக்கனமான வண்டி இல்லை.

மூன்றாவது வழி பழைய எக்ஸ்எல். அதிலும் இரண்டு வகை உண்டு. எக்ஸ்எல் சூப்பர் என்பது 69.9 சிசி டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய வண்டி. கரடுமுரடான வேலைக்கு அதற்கு இன்றும் பேர் உண்டு. ஆனால் தினம் ஓட்ட இப்போது அதை வாங்குவதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் சைலன்ஸர் கரி அடைக்கும். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் குழாயும் வாஷரும் ஊறி உப்பிவிடும். பல வண்டிகளுக்குப் 15 வருட ஆர்.சி. முடிந்திருக்கும் அல்லது முடியப்போகிறது. புதுப்பிக்கும் செலவை விலையோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். எனவே பழையது என்றால் எக்ஸ்எல் 100. அதிலும் 2020-க்குப் பிந்தைய பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி), ஃபியூயல் இன்ஜெக்ஷன் (கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டி.

பழைய வண்டியைச் சோதிப்பது

காலையில் போய்ப் பார்க்க வேண்டும், முன்கூட்டிச் சொல்லாமல். போனதும் முதல் வேலை இன்ஜின் செதில்மேல் உள்ளங்கையை வைப்பது. வெதுவெதுப்பாக இருந்தால் நாம் வரும் முன்பே கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள், அதாவது குளிர்ந்த இன்ஜின் கிளம்பத் தகராறு செய்யலாம். ஒரு மணி நேரம் டீ குடித்துவிட்டு வரலாம். குளிர்ந்த நிலையில் மூன்று உதைக்குள் கிளம்ப வேண்டும். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, கிளம்பிய பின் அணைய வேண்டும். அது எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். அணையாமல் நின்றாலும் வண்டி வேண்டாம். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப்புகை வந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் எரிகிறது.

அடுத்து சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, ஸ்பானரின் முனையால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். இறுக்கமான கம்பி 'டிங்' என்று மணி மாதிரி ஒலிக்கும், தளர்ந்தது 'டப்' என்று செத்த ஒலி. நான்கைந்து செத்த ஒலி அடுத்தடுத்து வந்தால் அந்தப் பக்கம் ரிம்மில் அடி பட்டிருக்கும். அதே இடத்தில் டயருக்கும் சட்டத்துக்கும் இடையே விரலை வைத்துச் சுற்றினால் கோணல் தெரியும். பிறகு பின்பல்சக்கரத்தின் பின்புறம் சங்கிலியைப் பிடித்து இழுக்க வேண்டும். பல் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் சங்கிலியும் இரண்டு பல்சக்கரமும் சேர்த்து மாற்றும் செலவு நம் தலையில். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் கழுத்தில் 'கடக்' என்று தட்டக்கூடாது. தட்டினால் கழுத்து பேரிங் (பால் ரேஸ்) தேய்ந்திருக்கிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்மானம் கைக்குத் தெரியும். கடைசியாகக் குனிந்து கேரியர் சட்டத்தோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். புதுப் பெயின்ட் அங்கே மட்டும் திட்டாக இருந்தால் அடியில் பற்றவைப்பு இருக்கும்.

இந்த மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் இன்னொரு சோதனை கட்டாயம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வண்டிகள் முழுசாக மூழ்கின. நெல்லை ஜங்ஷன், வண்ணார்பேட்டைத் தாழ்வுப் பகுதிகளில் இருந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரைக்கும் இதே கதை. கழுவித் துடைத்து, சீட் கவர் மாற்றி நிறுத்தினால் பார்வைக்குத் தெரியாது.

"ஒரே ஓனர் அண்ணாச்சி. தண்ணியே படாத வண்டி. வீட்டுக்குள்ளயே நின்னுது."

"சரி தம்பி, ஹெட்லைட்டக் கொஞ்சம் கழத்திக் காட்டுதியளா?"

இந்த ஒரு கேள்வி போதும். ஹெட்லைட் கிண்ணத்தின் அடியில் காய்ந்த வண்டல் ஒரு கோடாகப் படிந்திருக்கும். மேலே துடைத்தவர்கள் அதற்குள் துடைப்பதில்லை. அங்கேயே ஒயர் இணைப்பான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் செம்பு முனையில் பச்சைக் களிம்பு. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் காகிதத்தில் நீர் வற்றிய வளையம், பெட்ரோல் டேங்க் வாயின் உட்புறம் துரு. இன்ஜெக்ஷன் வண்டியில் இசியூ எனும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தால் இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து நடுவழியில் நிற்கும். எந்த மெக்கானிக்காலும் காரணத்தைச் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. விலை எவ்வளவு குறைத்தாலும் மூழ்கிய இன்ஜெக்ஷன் வண்டியை எடுக்கக்கூடாது. டிஎன் 72 (நெல்லை), டிஎன் 69 (தூத்துக்குடி) வண்டி என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, பார்த்துவிட்டு ஒதுக்கினால் போதும்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது: சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா. ஃபைனான்ஸ் பாக்கி உண்டா. பாக்கி இருந்து அடைத்திருந்தால் கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கையில் வந்த பிறகுதான் முழுப்பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். "அப்புறம் மாத்திக்கிடலாம்" என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது இந்தப் பக்கம் சகஜம். இடையில் விபத்து நடந்தால் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே கோர்ட்டு ஏறுவார்கள்.

இந்த மாதிரியில் மூன்று பழைய வண்டி பார்த்ததாக வைத்துக்கொண்டால், ஒன்று வெள்ள வண்டி, ஒன்றில் கேரியர் பற்றவைப்பு, மூன்றாவது நல்ல வண்டி. ஆனால் அது நான்கு வருடம் ஓடியும் புதிய விலையில் நான்கில் மூன்று பங்கு கேட்கிறார்கள். எக்ஸ்எல்லுக்கு மறுவிற்பனை மதிப்பு எப்போதும் நன்றாக நிற்கும். விற்கிறவருக்கு அது நல்லது, வாங்குகிறவருக்கு இல்லை. அந்த விலைக்கு சங்கிலி, பல்சக்கரம், டயர், கிளட்ச் கட்டை மாற்றும் செலவையும் கூட்டினால் புதியதற்கும் பழையதற்கும் வித்தியாசம் கரைந்துவிடுகிறது. ஆகவே புது ஹெவி டியூட்டி.

ஷோரூமில்

மனைவியும் கூட வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். எக்ஸ்எல் 100-இன் சீட் உயரம் சுமார் 787 மி.மீ., 110 சிசி ஸ்கூட்டர்கள் பலவற்றில் 765 அளவில். ஸ்கூட்டரில் காலூன்றிப் பழகிய ஐந்தடிப் பெண்ணுக்கு இதில் கால் எட்டுவது கொஞ்சம் குறையும். வண்டி லேசு என்பதால் பழகிவிடும், ஆனால் ஷோரூம் வழவழத் தரையில் இல்லாமல் வெளியே மண்ணில் நிறுத்தி, காலூன்றிப் பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டையும் அவரே போட்டு எடுக்கட்டும். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள மாடலுக்குச் சில ஆயிரம் கூடுதல். சேலையோடு தினம் பல தடவை கிளப்புகிறவருக்கு அது ஆடம்பரம் இல்லை, வாங்குங்கள். பேட்டரி முழுசாக இறங்க விட்டால் இன்ஜெக்ஷன் வண்டியில் கிக்கும் கைகொடுக்காமல் போகலாம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

விலையை வரிவரியாகப் பிரித்து எழுதி வாங்க வேண்டும். 350 சிசி வரையிலான இரு சக்கர வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலையைச் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கக்கூடாது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட வண்டிக்கு ஆயுள் வரி 10 சதவீதம். உதாரணத்துக்கு வண்டி 50,000 என்றால் வரி 5,000. பதிவுக் கட்டணம் 300, கடனில் எடுத்தால் அதைப் பதிவு செய்ய 500, ஆர்.சி. அட்டைக்கு 200. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 75-க்கு மேல் 150 சிசி வரைக்கும் 2022-இல் நிர்ணயித்த தொகை 3,851, ஜிஎஸ்டியோடு 4,544. சொந்தச் சேதத்துக்கான காப்பீடு தனி. வெள்ளம் வரும் ஊரில் அதை விடக்கூடாது. அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவற்றுக்கு மேல் "ஹேண்டிலிங் சார்ஜ்" என்று ஒரு வரி வந்தால் எதற்கு என்று கேட்டு அடிக்கச் சொல்லலாம். சேலை கார்டு, பின் கைப்பிடி, கால்மிதி ஆகியவை மோட்டார் வாகன விதிப்படி வண்டியோடு வர வேண்டியவை. ஹெல்மெட்டும் அப்படியே, ஐஎஸ்ஐ முத்திரையோடு. இவற்றை "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்" என்று தனியாக விலை போட விடக்கூடாது.

பணம் அதிகம் கசிவது கடனில். 40,000 கடன், மூன்று வருடம், "12 சதவீத வட்டிதான்" என்பார்கள். அது ஃபிளாட் வட்டி என்றால் வருடம் 4,800 வீதம் 14,400 வட்டி, மாதத் தவணை 1,511. அசல் குறையக் குறைய வட்டி குறையும் முறையில் அதே 12 சதவீதம் என்றால் தவணை 1,329, மொத்த வட்டி 7,830 அளவில்தான். வித்தியாசம் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஃபிளாட் 12 என்பது உண்மையில் 21 சதவீத வட்டி. கேட்க வேண்டிய கேள்வி "வட்டி எவ்வளவு" இல்லை, "தவணை எவ்வளவு, எத்தனை தவணை, மொத்தம் எவ்வளவு கட்டுவேன்" என்பதே. சொசைட்டியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் கிடைக்கும் வீட்டுக்கு அது பெரும்பாலும் இதைவிட மலிவு.

எடுக்கும் அன்று சேஸிஸ் தகட்டில் தயாரித்த மாதம் பார்க்கவும். டிசம்பரில் தள்ளுபடி கொடுப்பது ஜனவரியில் வண்டி "போன வருஷ மாடல்" ஆகிவிடும் என்பதால்தான். பத்து வருடம் ஓட்டப்போகிறவருக்கு அது நஷ்டம் இல்லை, தள்ளுபடியை வாங்கிக்கொள்ளலாம். எண் பலகை மாட்டிய பிறகே சாலையில் இறக்க வேண்டும்.

முதல் ஆறு மாதம்

முதல் ஆயிரம் கி.மீ.யில் புதுக் கம்பிகள் தங்கள் இடத்தில் உட்காரும்போது தளரும். முதல் சர்வீஸில் ஆயில் மாற்றுவதோடு கம்பி இறுக்கச் சொல்லி, கூடவே நின்று பார்க்க வேண்டும். சர்வீஸ் சீட்டில் அந்த வரி இருக்காது. இதை விட்ட வண்டிகளில்தான் நான்காவது, ஐந்தாவது மாதம் பின்சக்கரக் கம்பி ஒன்று அறும். ஒன்று அறுந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் பங்கையும் சுமந்து ஒரே வாரத்தில் இரண்டு மூன்று போகும். பால் கேன் இரண்டையும் ஒரே பக்கம் தொங்கவிடும் வழக்கம் இருந்தால் அந்தப் பக்கத்துக் கம்பிதான் முதலில். பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட வேண்டும். சந்தைக்குப் போகும் நாளில் 56 கிலோவில் 15 கிலோவைக் காலிடுக்கில் வைத்துவிட்டால் பின்னால் 41தான். பின்டயர் காற்றையும் முந்தைய நாள் மாலையே சுமைக்கான அளவுக்கு ஏற்றி வைக்க வேண்டும். அந்த அளவு கையேட்டில் ஆளுக்கு வேறு, சுமைக்கு வேறு என்றே இருக்கும்.

கேன் மாட்டக் கம்பிச் சட்டம் அடிப்பதற்குப் பட்டறைக்குப் போவார்கள். சட்டத்தைக் கேரியர் போல்ட்டில் மாட்டும்படி செய்யச் சொல்ல வேண்டும். வண்டியின் சேஸிஸில் நேரடியாகப் பற்றவைத்தால் அந்த இடம் சூட்டில் பலமிழந்து பிறகு அங்கேதான் விரியும். தவிர்க்கவே முடியாது என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றி, இசியூ இணைப்பையும் பிரித்த பிறகே வெல்டிங் குச்சி வண்டியைத் தொடலாம். இல்லாவிட்டால் ஒரு பொறியில் இசியூ போய்விடும்.

பஞ்சர் இந்த ஊரில் தவிர்க்க முடியாதது. கால்வாய்க்கரை முழுக்க உடைமுள். கம்பிச் சக்கரத்தில் டியூப் டயர்தான். ஒரு மாற்று டியூபும், சக்கரம் கழற்றும் ஸ்பானரும், கைப்பம்பும் வண்டியிலேயே இருந்தால் வெள்ளனே நாலரை மணிக்குப் பஞ்சர் கடைக்காரரை எழுப்ப வேண்டியதில்லை.

மகன் விஷயம். 50 சிசி வரைக்கும்தான் 16 வயதில் லைசென்ஸ். எக்ஸ்எல் 100 அதன் இரு மடங்கு, 18 ஆக வேண்டும். "கியர் இல்லாத வண்டிதானே, சொசைட்டிக்குத்தானே" என்று சாவியைக் கொடுத்துப் பிடிபட்டால், 2019 திருத்தச் சட்டப்படி வண்டிக்கு உரியவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தும். அதோடு காப்பீட்டுக் கம்பெனி இழப்பீட்டுப் பணத்தை நம்மிடமே திரும்பக் கேட்கும். மனைவிக்கு லைசென்ஸ் எடுப்பது இதைவிட அவசரம். எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். கியர் இல்லாத வண்டி லைசென்ஸே போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் கால்வாய் நிறையும்போது வண்டியைத் தொழுவத்தில் விடாமல் மேட்டில் ஏற்றி நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றி வைக்கலாம். அப்படியும் மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் கை துறுதுறுத்தாலும் ஸ்டார்ட் சுவிட்சை அமுக்கக்கூடாது, சாவியையே போடக்கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக் காப்பீட்டுக்குத் தகவல். அவர்கள் பார்த்த பின் பிளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுவது, ஆயிலை வடிப்பது. வடியும் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் வடித்து, மறுபடி புதிது. டேங்க் பெட்ரோலை முழுசாக இறக்கி, ஏர் ஃபில்டரை மாற்றி, பிரேக் டிரம் இரண்டையும் திறந்து வண்டலைத் துடைத்து, ஒவ்வொரு ஒயர் இணைப்பையும் பிரித்துக் காற்றடித்துக் காய வைத்த பிறகுதான் பேட்டரி ஒயரை மாட்ட வேண்டும்.